எதை விடுவது? எட்டாம் வகுப்புக்கு நவீன அமெரிக்க வரலாறு நடத்த நான்கு வழிகள்

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரிக் கேள்வி வரத் தொடங்கிவிடும். புதிதாக ஆசிரியர் உரிமம் வாங்கி, முதல் வருடமே எட்டாம் வகுப்பு சோஷியல் ஸ்டடீஸ் தலையில் விழுந்தவர்கள் ஒரு பக்கம். பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் அம்மாக்கள் இன்னொரு பக்கம். பாடப்புத்தகத்தை வரிசையாக நடத்தினால் போதுமா? அந்தக் காலத்துக் கடிதம், போஸ்டர் எல்லாம் கொடுத்துப் படிக்கவைக்க வேண்டுமா? தலைப்பு தலைப்பாகப் போகலாம் என்கிறார்களே, சரிவருமா? ப்ராஜெக்ட் எப்படி?

நான் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடமாக இதையே நடத்துகிறேன். நான்கு வழிகளிலும் நடந்து பார்த்தாயிற்று, நான்கிலும் சறுக்கியும் ஆயிற்று. கேட்பவர்கள் எல்லோரும் "எதை எப்படிச் சேர்ப்பது" என்றே யோசிக்கிறார்கள். இந்தப் பாடத்தில் உண்மையான முடிவு எதை விடுவது என்பதுதான். இந்த நான்கு வழிகளில் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை ஓசையில்லாமல் கைவிடுகிறது. எந்த நஷ்டத்தை உங்களால் தாங்க முடியும் என்று தெரிந்துகொண்டால் முறையைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. நியூயார்க்கில் ஏழாம் வகுப்பு உள்நாட்டுப் போரோடு முடியும். எட்டாம் வகுப்பு அதற்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் தொடங்கி இன்றுவரை வரும். டெக்சாஸில் எட்டாம் வகுப்பு 1877-ல் நின்றுவிடும், மீதி உயர்நிலைப் பள்ளியில். கலிஃபோர்னியாவில் எட்டாம் வகுப்பு முதல் உலகப் போர்வரை எட்டிப் பார்க்கும். இருபதாம் நூற்றாண்டு பதினோராம் வகுப்புக்குப் போய்விடும். உங்கள் மாநிலம் எதை எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்காமல் புத்தகம் வாங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் "நவீன" என்றால் உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்குப் பிறகு.

## எதை வைத்து எடை போடுவது

நாள். காகிதத்தில் 180 நாள். தேர்வு, பனி விடுமுறை, தீ விபத்துப் பயிற்சி, சுற்றுலா, பாதி வகுப்பு பேண்டு ஒத்திகைக்குக் கிளம்பிப் போகும் நாட்கள் எல்லாம் கழித்தால் என் கையில் நிற்பது 130 பீரியட் சுமார். ஒன்று 42 நிமிடம். நடத்த வேண்டியது 160 வருடம். பீரியடுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஓட வேண்டும்.

காலம் பற்றிய உணர்வு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 1865, 1965 இரண்டுமே "அந்தக் காலம்". லிங்கனும் மார்ட்டின் லூதர் கிங்கும் சந்தித்துப் பேசியிருக்கிறார்களா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். கிண்டல் இல்லை. 1963-ல் கிங் லிங்கன் நினைவிடத்துப் படியில் நின்று பேசிய படத்தைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். இந்த வயதுக்கு வரலாறு நடத்துகிறவர் முதலில் கட்ட வேண்டியது இந்த உணர்வைத்தான். உயர்நிலைப் பள்ளிக்காரர்களின் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போவதும் இதனால்தான்.

வாசிப்பு. ஒரே வகுப்பில் ஐந்தாம் வகுப்பு அளவுக்கு வாசிக்கிறவரும் இருப்பார், பதினோராம் வகுப்பு அளவுக்கு வாசிக்கிறவரும் இருப்பார். ஆங்கிலத்தையே இரண்டு வருடமாகத்தான் கற்கிறவர்களும் உண்டு.

கனம். கறுப்பர்கள் மீதான கும்பல் கொலைகள், ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முள்வேலி முகாம்கள், அணுகுண்டு, செப்டம்பர் 11. எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 14. என் மாணவர்களைவிட ஒரு வயது பெரியவன். சவப்பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும் என்று அவன் தாய் மேமி டில் எடுத்த முடிவை நான் விரிவாகச் சொல்கிறேன். சவப்பெட்டியில் சிதைந்து கிடந்த அவன் முகத்தின் படத்தை மட்டும் காட்டுவதில்லை. காட்டுகிற ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் காட்டுகிறவர்களைச் சொல்வேன்.

வரம்பு. 2021-லிருந்து பல மாநிலங்கள் இனம் பற்றி வகுப்பில் எப்படிப் பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டிருக்கின்றன. எதிர்த் திசையிலும் சட்டம் உண்டு: ஆசிய அமெரிக்கர் வரலாற்றை நடத்தியே ஆக வேண்டும் என்று இலினாய் 2021-லும், அடுத்து நியூஜெர்சி 2022 ஜனவரியிலும் சட்டமாக்கின. நீங்கள் எந்தப் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பது முறையையும் மாற்றும்.

உங்கள் இரவு. ஐந்து செக்ஷன், நூற்றுக்கு மேல் பிள்ளைகள். தயாரிப்புக்கும் திருத்துவதற்கும் எத்தனை மணி நேரம்? இதை வெளிப்படையாகக் கணக்கில் சேர்க்காத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள்.

## 1. பாடப்புத்தகத்தை வரிசையாக நடத்துவது

திட்டுவதற்கு எல்லோருக்கும் பிடித்தமான முறை. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் காலவரிசை இந்த வயதுக்குத் தேவை. அதைத் தானாகவே கொடுக்கிற முறை இது ஒன்றுதான். தொழிற்சாலைகள் வந்தன, அதனால் நகரங்கள் வீங்கின, அதனால் வாடகைக் குடியிருப்புகளில் நெரிசல், அதனால் சீர்திருத்த இயக்கம். இந்த "அதனால்" சங்கிலி வரிசையாகப் போனால்தான் விழும். தயாரிப்பு வேலையும் குறைவு. வாரம் ஒரு நாள் நீங்கள் விடுப்பில் போனாலும், மாற்று ஆசிரியர் பக்கத்தைத் திறந்து நடத்திவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு கடைசியில் தெரியும். எங்கும் நிற்காமல் நுனிப்புல் மேய்ந்துகொண்டே போனாலும் மே மாதம் வரும்போது நீங்கள் இரண்டாம் உலகப் போரில்தான் இருப்பீர்கள். அப்புறம் ஆறு வாரத்தில் பனிப்போர், கறுப்பர்களின் குடிமை உரிமை இயக்கம், வியட்நாம், வாட்டர்கேட், ரேகன், செப்டம்பர் 11. பிள்ளைகள் வாழும் உலகத்தை உண்டாக்கிய ஐம்பது வருடம் மூச்சிரைக்க ஓடும் ஸ்லைடுகளாக முடிந்துபோகும். வரிசை முறை கைவிடுவது சமீப காலத்தை. யாரும் அப்படி முடிவெடுப்பதில்லை, நாள்காட்டி எடுத்துவிடுகிறது.

இன்னொன்று, பாடப்புத்தகத்தின் குரல். சண்டையே இல்லாத குரல் அது. "பதற்றம் நிலவியது" என்று எழுதுவார்கள். யார் யாரை அடித்தார்கள் என்று தெரியாது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்வார்கள், நம்பமாட்டார்கள்.

தேசிய அளவிலான மதிப்பீட்டில், எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாற்றின் சராசரி 2018-ல் 263-ஆக இருந்து 2022-ல் 258-ஆக இறங்கியது. திறன் நிலையை எட்டியவர்கள் 13 சதவீதம். இதைக் காட்டி ஒரு முறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது, நடுவில் கோவிட் வேறு வந்து போனது. "புத்தகத்தை முடித்துவிட்டேன்" என்பதும் "பிள்ளைகளுக்குத் தெரியும்" என்பதும் வேறுவேறு என்பதற்கு மட்டும் இது போதும்.

யாருக்கு: முதல் வருட ஆசிரியருக்கு. வருடக் கடைசியில் மாநிலத் தேர்வு உள்ள இடத்துக்கு. காலவரிசையே பிடிபடாத பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்புக்கு.

## 2. மூல ஆவணங்களை வைத்து நடத்துவது

ஒரு கேள்வி, அதற்கு ஒன்றோடொன்று இடிக்கும் இரண்டு மூன்று ஆவணங்கள், பிள்ளைகள் படித்துச் சண்டை போட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்கின் குழு உருவாக்கிய "ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன்" பாடங்கள் இந்த வகையில் பிரபலம், இலவசமும்கூட. தேசிய ஆவணக் காப்பகமும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் ஆசிரியர்களுக்கென்றே தொகுப்புகள் வைத்திருக்கின்றன.

எப்படி நடக்கும் என்று ஒரு பாடத்தைக் காட்டுகிறேன். அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பர்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு. ரோசா பார்க்ஸ் களைத்துப்போயிருந்தார், பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையைவிட்டு எழுந்திருக்க மறுத்தார், ஊரே கொதித்தெழுந்தது: தொடக்கப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் கதை இதுதான். அந்தக் கதையைப் பலகையில் எழுதிவிட்டு, மேசைக்கு ஒரு தாள் கொடுப்பேன். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பெண்கள் அரசியல் மன்றத்தின் சார்பில் மாண்ட்கமரி மேயருக்கு எழுதிய கடிதம். பேருந்தில் ஏறுகிறவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கறுப்பர்கள், அவர்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அமைப்புகளில் புறக்கணிப்புப் பேச்சு நடக்கிறது என்று அதில் இருக்கிறது.

ஐந்து நிமிடம் யாரும் எதையும் கவனிக்கமாட்டார்கள். அப்புறம் எவராவது ஒருவர் தாளின் மேல் மூலையில் விரலை வைப்பார். போன வருடம் அது கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண். "மிஸ், இதில் மே 21, 1954 என்று போட்டிருக்கிறது. பார்க்ஸ் கைதானது டிசம்பர் 1955." விரலை மடக்கி எண்ணினாள். "பதினெட்டு மாதம் முன்னாடி."

அதோடு வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது, நல்லபடியாக. அப்படியானால் பார்க்ஸ் தற்செயல் இல்லையா? அதே ஊரில் ஒன்பது மாதம் முன்பே பதினைந்து வயது கிளாடெட் கால்வின் எழுந்திருக்க மறுத்துக் கைதாகியிருக்கிறாளே, அப்போது ஏன் புறக்கணிப்பு வரவில்லை? பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பு 1954 மே 17. கடிதம் நான்கே நாள் கழித்து. ஒரு பையனின் சந்தேகம் வேறு: மேயரை மிரட்டுகிற கடிதம் ஏன் நன்றி சொல்லித் தொடங்குகிறது? பிரிவினையையே எடுத்துவிடுங்கள் என்றுகூட அது கேட்கவில்லையே, பின்னாலிருந்து நிரப்பிக்கொள்கிறோம், எங்கள் தெருக்களிலும் ஒவ்வொரு முனையிலும் நிறுத்துங்கள் என்றுதானே கேட்கிறது? பாடப்புத்தகத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. 381 நாள் நடந்த போராட்டம் என்ற எண் மட்டும் இருக்கும்.

இதற்கு என்ன விலை கொடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாடம் இரண்டரை பீரியட் தின்றது. வருடத்தில் இப்படிப் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து நடத்தலாம். அதற்குமேல் போனால் இடையில் இருக்கும் காலமே காணாமல் போகும். பிரவுன் தீர்ப்பு என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைக்கு "நான்கு நாள் கழித்து" என்பதில் எந்தச் சுவாரஸ்யமும் இல்லை. ஆவணம் பேச வேண்டுமானால் முன்கதை தெரிந்திருக்க வேண்டும். இந்த முறை கைவிடுவது அந்த முன்கதையைத்தான்.

அடுத்தது மொழி. எழுபது வருடம் முன்பு எழுதிய கடிதத்தில் இன்று நாம் சொல்லாத இனச் சொற்கள் இருக்கும். வகுப்பில் சத்தமாக வாசிக்கலாமா, கூடாதா என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் பெரிய வம்பு. நீளத்தைக் குறைத்து, கடினச் சொல்லுக்கு ஓரத்தில் பொருள் போட்டு ஒரு ஆவணத்தைத் தயார்செய்ய எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எளிமையாக்கிய வடிவத்தோடு வரும் தொகுப்புகள் இருப்பதால் இப்போது பரவாயில்லை.

இன்னொரு பக்க விளைவைப் பற்றி எனக்கு யாரும் எச்சரிக்கவில்லை. நவம்பர் வந்ததும் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் "இதுவும் ஒருதலைப்பட்சம் மிஸ்" என்று சொல்லித் தள்ளப் பழகியிருந்தார்கள். சந்தேகப்படக் கற்றுக்கொடுத்துவிட்டேன், எதை நம்பலாம் என்று கற்றுக்கொடுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஆவணத்துக்கும் இரண்டு கேள்வி வைக்கிறேன்: இதை எதற்கு நம்பக் கூடாது, எதற்கு நம்பலாம்?

வாசிப்பு பலவீனமான வகுப்புக்கு இந்த முறை ஆகாது என்பார்கள். முழுக்க உண்மை இல்லை. படமும் ஆவணம்தான். புகைப்படக்காரர் டொரோதியா லாங் 1936-ல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பிழைப்புத் தேடி அலைந்த ஒரு தாயை எடுத்த "மைக்ரன்ட் மதர்" படத்தைக் காட்டி, வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் கட்டைவிரலின் நிழலைத் தேடச் சொல்லுங்கள். அந்த விரலை லாங் பின்னால் நெகட்டிவிலிருந்து மறைக்கவைத்தார். "ஏன் மறைத்தார்?" என்று கேட்டால், ஆங்கிலம் அதிகம் வராத பிள்ளைகூடக் கையைத் தூக்கும். அந்தத் தாயின் பெயர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ல்தான் வெளியே தெரிந்தது, அவர் செரோகி பழங்குடிப் பெண் என்று சொல்லும்போது வகுப்பு இன்னொரு தடவை படத்தைப் பார்க்கும்.

யாருக்கு: இரண்டாவது, மூன்றாவது வருடத்துக்கு வந்துவிட்ட ஆசிரியருக்கு. விவாதம் பிடித்த வகுப்புக்கு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் நல்லது, ஆனால் எதிர்த்துப் பேச ஆள் வேண்டும். அந்த வேடத்தை நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

## 3. ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு போவது

காலத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வியை எடுப்பது. "யார் உள்ளே வரலாம்?" என்பது நான் அதிகம் நடத்தியது. சீனர்களைத் தடுத்த சட்டம் 1882. ஆசியாவின் பெரும்பகுதிக்கே கதவை மூடியது 1917. இந்தியாவில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்துக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1923. நாடுவாரி ஒதுக்கீடு 1924. இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்று கதவு ஒரு விரற்கடை திறந்தது 1946. 1965 அக்டோபர் 3-ல் சுதந்திரதேவி சிலையின் அடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அந்த ஒதுக்கீட்டு முறையையே முடித்துவைத்தது. அமெரிக்காவில் தமிழ்க் குடும்பங்கள் இன்று இத்தனை இருப்பதற்கு முதல் காரணம் அந்தக் கையெழுத்து. எங்கள் பள்ளியில் தமிழ், தெலுங்கு, குஜராத்திப் பிள்ளைகள் நிறைய. "நூறு பேரா? ஒரு ஸ்டேட்டுக்கா?" என்று கேட்டவர்கள், முழு நாட்டுக்கும் என்றதும் அமைதியாகிவிட்டார்கள்.

"வீடு" என்ற தலைப்பும் நன்றாக நிற்கும். 1930-களில் மத்திய அரசு நிறுவனம் எந்தப் பகுதியில் வீட்டுக் கடன் கொடுப்பது ஆபத்து என்று காட்ட, நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணமிட்டு வரைந்த வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த தெருவைத் தேடுவார்கள். அங்கிருந்து போர்வீரர்களுக்கு வீட்டுக் கடன் உதவி தந்த 1944 சட்டம், வெள்ளையருக்கு மட்டும் வீடு விற்ற லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு, 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம் என்று கொண்டுபோகலாம்.

சமீப காலத்தைத் தொட்டுவிடும் என்பது இதன் பெரிய பலம். ஒவ்வொரு தலைப்பும் இன்றில் வந்து முடிகிறது, வருடத்தில் நான்கைந்து தடவை இன்றைத் தொடுகிறீர்கள். பலவீனம் அதே இடத்தில்தான் இருக்கிறது. 1924 சட்டத்தை முதல் உலகப் போரும் அதற்குப் பின் வந்த அச்சமும் தெரியாமல் விளக்க முடியாது; விளக்கப் போனால் தலைப்பு உடையும், போகாவிட்டால் சட்டம் வானத்திலிருந்து விழும். டிசம்பரில் நான் வைத்த டெஸ்டில் "பொருளாதாரப் பெருமந்தம் வந்தது எந்த உலகப் போருக்கு முன்?" என்ற கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு பேர் தவறாக எழுதினார்கள். அதிலிருந்து சுவர் நெடுக ஒரு கயிறு கட்டி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு அட்டை, துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறோம். எந்தத் தலைப்பில் இருந்தாலும் அட்டை கயிற்றுக்குப் போக வேண்டும். இந்தக் கயிறு இல்லாமல் தலைப்பு முறைக்குப் போகாதீர்கள்.

"அன்று மோசம், இன்று நன்று" என்று கதை நேர்கோடாக ஏறிவிடும் அபாயமும் உண்டு. 1870-களில் காங்கிரஸில் கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள், பிறகு இல்லாமல் போனார்கள் என்று நடுவில் ஒரு இறக்கத்தைக் காட்டிவிட்டால் அந்தக் கோடு தானாக வளையும்.

யாருக்கு: காலவரிசையை முன்னாலேயே ஓரளவு படித்துவிட்ட வகுப்புக்கு. புலம்பெயர்ந்த குடும்பப் பிள்ளைகள் நிறைய உள்ள பள்ளிக்கு. மாநிலத் தேர்வு இல்லாத இடத்துக்கு.

## 4. பிள்ளைகளே ஆராய்ச்சி செய்வது

இதில் இரண்டு வகை. ஒன்று நேஷனல் ஹிஸ்டரி டே. 1974-ல் கிளீவ்லண்டில் தொடங்கிய போட்டி. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டுவரை ஜூனியர் பிரிவு. வருடத்துக்கு ஒரு கருப்பொருள், அதற்குள் பிள்ளை தன் விஷயத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை, கண்காட்சி, ஆவணப்படம், நாடகம், இணையதளம் என ஏதோ ஒரு வடிவில் செய்ய வேண்டும். இறுதிச் சுற்று ஜூன் மாதம் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில். நன்றாகச் செய்த பிள்ளை அந்த ஒரு விஷயத்தில் என்னைவிட அதிகம் தெரிந்துகொண்டுவிடும்.

மற்றபடி செலவெல்லாம் மறைமுகம்தான். ஆறு முதல் எட்டு வாரம் போகும். பாதிப் பேர் ஹிட்லர் என்பார்கள், மீதிப் பேர் டைட்டானிக். அப்புறம் நம் ஆட்கள் விஷயம்: கண்காட்சிப் பலகையில் அப்பாவின் லேசர் கட்டிங் வேலை பளிச்சென்று தெரியும். காரும் நேரமும் இருக்கும் வீட்டுப் பிள்ளை நூலகத்துக்குப் போகும், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை போகாது. வேலை முழுவதும் வகுப்பறைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று நான் விதி வைத்தது அதனால்தான்.

இரண்டாவது வகை பேட்டி. ஒரு பெரியவரிடம் நாற்பது நிமிடம் உட்கார்ந்து, அவர் வாழ்ந்த ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்வது. ஒரு தமிழ்ப் பையன் "எங்கள் வீட்டில் அமெரிக்க வரலாறே இல்லை, அப்பா சும்மா கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்" என்றான். எந்த வருடம் என்று கேட்டேன். 1998. இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம். எச்-1பி விசா 1990-ம் வருடச் சட்டத்தில் பிறந்தது, முதல் வரம்பு 65,000, 2001 முதல் மூன்று வருடத்துக்கு 1,95,000-ஆக ஏற்றினார்கள் என்று அவன் தானே கண்டுபிடித்து வந்தான். அப்பாவின் முதல் சம்பளச் சீட்டையும் கொண்டுவந்தான். மூல ஆவணம்!

பேட்டியில் ஒரு எச்சரிக்கை. "உங்கள் குடும்பம் எப்படி இங்கே வந்தது?" என்று எல்லோரையும் கேட்கவைக்காதீர்கள். காகிதம் இல்லாத குடும்பங்கள் உண்டு, வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் பிள்ளைகள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக் காவலாளி, நூலகர் யாரையும் எடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த முறை கைவிடுவது பொதுப் பரப்பை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிணறு ஆழமாகத் தெரியும், ஆறு தெரியாது.

யாருக்கு: வருடம் முழுவதற்குமான முறையாக யாருக்கும் வேண்டாம். ஆறு வாரப் பகுதியாக எல்லோருக்கும். வீட்டில் படிக்கும் ஒற்றைப் பிள்ளைக்கு மட்டும் பாதி வருடம்கூடக் கொடுக்கலாம்.

## நடித்துக் காட்டுவது?

இதைத் தனி முறையாகக் கணக்கில் எடுக்கவில்லை, ஊறுகாய் மாதிரி. 1962 அக்டோபர், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள், கென்னடியின் ஆலோசகர்களாக வகுப்பு: குண்டு வீசலாமா, படை இறக்கலாமா, கடலை மறிக்கலாமா? ஒரு பீரியடுக்கு அருமை. 1929 பங்குச் சந்தையைப் பொய்ப் பணத்தில் ஆடுவதும் சரி. பத்து சதவீதம் கொடுத்துக் கடனில் பங்கு வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று சரிவு வரும்போது முகத்தில் தெரியும். ஆனால் அடிமை முறை, கும்பல் கொலை, ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம் இவற்றை ஒருபோதும் நடிக்கவைக்காதீர்கள். 1942-ல் 1,20,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பியதைப் புரியவைக்க, தெருக் கம்பங்களில் ஒட்டிய அந்த வெளியேற்ற உத்தரவின் நகல் போதும். கையில் தூக்க முடிந்ததைத்தான் கொண்டுவரலாம் என்ற வரியைப் படித்த பிள்ளைக்கு வேடம் தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| | பாடப்புத்தக வரிசை | மூல ஆவணம் | தலைப்பு வாரி | பிள்ளைகளின் ஆராய்ச்சி |
|---|---|---|---|---|
| காலவரிசை | பலமாக நிற்கும் | சொல்லிக்கொடுத்தால் உண்டு | கயிறு கட்டாவிட்டால் குழம்பும் | மிகக் குறைவு |
| சமீப 50 வருடம் | பெரும்பாலும் விட்டுப்போகும் | நீங்கள் ஒதுக்கினால் உண்டு | நன்றாக வரும் | பேட்டி எடுத்தால் வரும் |
| வாசிப்பு பலவீனமானவர் | சலிப்பார், சமாளிப்பார் | படம், சுருக்கிய பிரதி வேண்டும் | பரவாயில்லை | பேட்டி ஏற்றது, கட்டுரை கஷ்டம் |
| உங்கள் வேலை | குறைவு | தயாரிப்பு அதிகம் | முதல் வருடம் மிக அதிகம் | திருத்துவது மிக அதிகம் |
| மாநிலத் தேர்வு | பொருந்தும் | பாதி பொருந்தும் | ஆபத்து | பொருந்தாது |
| கைவிடுவது | சமீப காலம், சண்டை | முன்கதை | காரண காரியம் | பொதுப் பரப்பு |

## என்னிடம் கேட்டால்

முதல் வருடமா? பாடப்புத்தகத்தையே நடத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். மாதம் ஒரே ஒரு ஆவணப் பாடம் மட்டும் நடுவில் செருகுங்கள். அடுத்த வருடம் இரண்டு. ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றப் போன இரண்டு இளம் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஒருவர் இப்போது ரியல் எஸ்டேட்டில் இருக்கிறார்.

சட்டக் கெடுபிடி உள்ள மாநிலமா? ஆவண முறை பாதுகாப்பானது என்பது என் அனுபவம். நீங்கள் கருத்துச் சொல்லவில்லை, மேயருக்குப் போன கடிதத்தைத்தான் கொடுத்தீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தின் எந்த வரிக்கு அது பொருந்துகிறது என்று தாளின் அடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பிள்ளையா? உங்களுக்கு 42 நிமிட மணி அடிப்பதில்லை. ஒரு மெலிந்த பாடப்புத்தகம், பத்து ஆவணங்கள், இரண்டு பேட்டிகள். அதற்குமேல் வாங்க வேண்டாம்.

நான் இப்போது செய்வது கலவை. நாள்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புகிறேன். ஜூன் முதல் வாரத்தில் 2001 என்று முதலில் எழுதிவிடுவேன், மே தொடக்கத்தில் 1965, பிப்ரவரிக் கடைசியில் 1942. வரிசை மாறாது. பத்து இடத்தில் நின்று ஆவணம் படிப்போம், மார்ச்-ஏப்ரலில் ஆறு வாரம் பேட்டி. இதற்கு இடம் வேண்டும் என்பதால் ஸ்பானிய அமெரிக்கப் போர் ஒரு பீரியட், 1920-களின் டீபாட் டோம் எண்ணெய் ஊழல் கிடையவே கிடையாது.

கொரியப் போருக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருந்தேன். ஒரு மாணவியின் தாத்தா அதைக் கேள்விப்பட்டு வருத்தப்பட்டாராம். அவரையே பேட்டி எடுத்து வா என்றேன். 1950 டிசம்பரில் வட கொரியாவின் ஹங்நாம் துறைமுகத்திலிருந்து அகதிகளை ஏற்றிய அமெரிக்கக் கப்பல் ஒன்றில், ஆறு வயதில், அம்மாவின் முதுகில் கட்டப்பட்டு ஏறியவர் அவர். 41 நிமிடப் பதிவு. வகுப்பில் போட்டபோது மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இந்த வருடம் கொரியாவுக்கு இரண்டு பீரியட் எழுதிவிட்டேன். அதை எதிலிருந்து எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. டீபாட் டோம் ஏற்கனவே போய்விட்டது.